அறைக்கு நாலு பேர்

எட்டுப் பேர் இருக்க வேண்டிய அறையில் ஒன்பது பேர் இருந்தார்கள்.

தனுஷ்கோடி படத்தை நிறுத்திவிட்டு மறுபடியும் எண்ணினார். கணினித் திரையில் தெரிந்தது ஏதோ ஒரு இங்கிலீஷ் பங்களாவின் கூடம், கறுப்பு வெள்ளையில். வெளியே விடாத மழை, ஜன்னல்களில் தரையைத் தொடும் கனத்த திரைச்சீலை, சுவரோரம் குளிர்காய மூட்டிய நெருப்பு. செத்துப்போன பணக்காரரின் மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மருமகள், வக்கீல், டாக்டர், வேலைக்காரக் கிழவர், இவர்களையெல்லாம் வரவழைத்து உட்காரவைத்துவிட்டு நடுவில் நின்று பேசுகிற துப்பறிவாளர். ஆக எட்டு. ஒன்றரை மணி நேரமாகக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, வேறு எவரும் அந்தப் பங்களாவுக்குள் காலடி வைத்ததாக நினைவில்லை. ஆனால் வெளிச்சம் சரியாக விழாத மூலையில், திரைச்சீலையை ஒட்டி, இன்னொருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

படம் எடுத்த இடத்தில் வேலை செய்தவள் யாராவது தெரியாமல் குறுக்கே வந்திருப்பாள், அறுபது வருஷத்துக்கு முந்திய படத்தில் இதெல்லாம் சகஜம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு உலை வைக்கப் போனார். மனைவி ராமுத்தாய் மருமகளின் பிரசவத்துக்காகச் சிங்கப்பூர் போய் இரண்டு மாதம் ஆகிறது. ஒற்றை ஆளுக்கு ஒரு ஆழாக்கு அரிசியும் நேற்றைய புளிக்குழம்பும் போதும். அதைச் சாப்பிட்டு முடிப்பதற்குள்ளேயே அவருக்கு அலுத்துப்போனது. இரண்டு வருஷமாக எல்லாமே அப்படித்தான், சட்டைப் பொத்தானைப் போடும்போதே கழற்றிவிட்டுப் படுத்தால் என்ன என்று தோன்றும்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. கையைக் கழுவியதும் வந்து உட்கார்ந்து அந்தக் கடைசிக் காட்சியை மறுபடி ஓட்டினார். அவள் நின்றுகொண்டேதான் இருந்தாள். துப்பறிவாளர் பேசப் பேச, கூடத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு திரும்பிப் பார்க்கிறார்கள். அவளை மட்டும் யாரும் பார்க்கவில்லை. கொலைகாரனின் பெயர் வெளிவரும் நேரத்தில் அவள் வலது கையைத் தூக்கி, விரல்களை உடம்பில் படாமல் விலக்கிப் பிடித்தபடி, மணிக்கட்டின் பின்பக்கத்தால் நெற்றி வேர்வையைத் துடைத்தாள்.

தனுஷ்கோடி கணினியை அணைத்துவிட்டார்.

இங்கிலீஷ்காரி எவளும் அப்படி நெற்றியைத் துடைக்க மாட்டாள். விரலில் வெடிமருந்து ஒட்டியிருப்பவர்கள்தான் அப்படித் துடைப்பார்கள். கண்ணில் பட்டால் எரியும் என்பதால் பழகிய பழக்கம் அது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு வேலைக்குப் போகிற பெண்கள் ஞாயிற்றுக்கிழமை குளித்து முடித்து, சுத்தமான கையோடு வாசலில் நிற்கும்போதுகூட அப்படித்தான் துடைத்துக்கொள்வார்கள்.

இருபத்தாறு வருஷம் பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தவர் தனுஷ்கோடி. எந்த அறைக்குள் நுழைந்தாலும் அவர் முதலில் தலைகளைத்தான் எண்ணுவார். மருந்து புழங்குகிற அறைக்கு நாலு பேர், அதற்குமேல் ஒருவரும் கூடாது என்பது சட்டம். ஒவ்வொரு அறையின் வெளிச்சுவரிலும் அதைப் பெயிண்டில் எழுதியிருப்பார்கள். ஒரு அறை வெடித்துப் போனாலும் சாவு நாலோடு நிற்கட்டும் என்பதுதான் அதன் அர்த்தம் என்று புதிதாக வருகிறவர்களிடம் யாரும் விளக்கிச் சொல்வதில்லை. கல்யாணப் பந்தியிலும் பஸ்சிலும்கூடத் தன்னையறியாமல் எண்ணிக்கொண்டிருப்பார். ராமுத்தாய் கேலி செய்து செய்து ஓய்ந்துவிட்டாள்.

படம் சேர்க்கிற பைத்தியம் வேலையை விட்ட பிறகு பிடித்தது. சிங்கப்பூரில் இருக்கிற மகன் செழியன் இந்த விருதுநகர் வீட்டில் கணினி வாங்கி வைத்து, பிராட்பேண்டும் இழுத்துக் கொடுத்து, இண்டர்நெட்டில் படம் விற்கிற கடை ஒன்றில் தன் கார்டைப் போட்டு அப்பா பெயரில் கணக்கும் திறந்து கொடுத்தான். கடைவீதிக்குப் போக வேண்டாம், டப்பா வேண்டாம், விசிடித் தட்டுகூட வேண்டாம், படம் கம்பி வழியாக வீட்டுக்கு வந்துவிடும். ராத்திரி இரண்டு மணியிலிருந்து காலை எட்டு மணிவரை எவ்வளவு இறக்கினாலும் பிராட்பேண்டில் கணக்குக் கிடையாது என்பதால், படுக்கப் போகும்போது சொல்லிவைத்துவிட்டால் விடிந்து பல் துலக்குவதற்குள் ஒரு படம் முழுசாக இறங்கியிருக்கும். பஸ் ஸ்டாண்டில் திருட்டு விசிடி இருபது ரூபாய்க்குக் கூறு கட்டி விற்கிற ஊரில் நியாயமாகத் துட்டுக் கொடுத்துப் படம் வாங்கிய ஒரே பிரகிருதி நம்மவர்தான். அதுவும் பாட்டு இல்லாத, கலர் இல்லாத, பழைய துப்பறியும் படங்களாகப் பார்த்து வாங்கினார். இந்த 2009 புரட்டாசியோடு அறுபத்தொன்று சேர்ந்துவிட்டன.

அவருக்கு இங்கிலீஷ் அரைகுறைதான். ஆனால் அந்தப் படங்களில் அவருக்கு வேண்டியது வசனம் இல்லை. அங்கே ஒருவர் செத்துப்போனால் கேட்பதற்கு ஓர் ஆள் வருகிறான். எத்தனை பேர் மழுப்பினாலும் விடாமல் கேட்கிறான். கடைசியில் எல்லோரையும் ஓர் அறையில் உட்காரவைத்து இன்னார் இப்படித்தான் செத்தார் என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். அந்தப் பத்து நிமிஷத்தைப் பார்த்தால்தான் தனுஷ்கோடிக்குக் கொஞ்ச நேரமாவது தூக்கம் வந்தது. அவரிடம் அப்படி யாரும் வந்து விடாமல் கேட்கவில்லை. கேட்டவள் ஒருத்திதான், அவளிடம் அவர் பொய் சொல்லியிருந்தார்.

மறுநாள் காலையில் செழியனுக்குப் போன் போட்டு அந்தப் படத்தின் கடைசிக் காட்சியில் எத்தனை பேர் என்று பார்க்கச் சொன்னார். அதே கணக்கில் அவனும் பார்க்கலாம். பிள்ளைக்கு ஆபீஸ் அவசரம், அப்பாவின் குரலில் ஏதோ சரியில்லை என்பதும் தெரிந்தது. மதியம் கூப்பிட்டு, எட்டுப் பேர்தான், மூலையில் திரைச்சீலையைத் தவிர ஒன்றும் இல்லை என்றான். அந்தக் காட்சியைப் படமாக எடுத்து மெயிலிலும் அனுப்பியிருந்தான். மூலை காலியாக இருந்தது. தன் கணினியில் அதே இடத்தில் படத்தை நிறுத்தி, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார். அவருடையதில் அவள் இருந்தாள்.

அன்று சாயங்காலம் வேறொரு படத்தைப் போட்டார். வேறு கம்பெனி, வேறு வருஷம், வேறு நடிகர்கள். கடலோர விடுதி ஒன்றில் நடக்கிற கதை. சாப்பாட்டுக் கூடத்தில் ஏழு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்க, துப்பறிகிற பெண்மணி பேச ஆரம்பித்தாள். தனுஷ்கோடி மேசைக்கு மேலே பார்க்கவில்லை. மேசைக்குக் கீழே, பளபளவென்று தேய்த்த பூட்சுகளுக்கும் குதிகால் செருப்புகளுக்கும் அப்பால், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தவளின் வெறும் பாதங்கள் தெரிந்தன. மருந்து அறைக்குள் செருப்புப் போடக் கூடாது. தாவணி, இரட்டைச் சடை, சற்றே தூக்கலான வலது தோள். இப்போதும் முதுகுதான்.

முகம் தெரியாவிட்டால் என்ன, அது யார் என்று அவருக்குத் தெரியும். அவரிடம் வந்து கேட்டுக்கொண்டிருக்கிற குருவம்மாளின் மகள் பானுப்பிரியா. பத்தொன்பது வயது.

இரண்டு வருஷத்துக்கு முந்திய தீபாவளி சீசன். வெம்பக்கோட்டைப் பக்கம் கண்மாயை ஒட்டி இருந்த கம்பெனியில் வடநாட்டு ஆர்டர் தலைக்குமேல் கிடந்தது. பேரேட்டில் பெயர் இல்லாத பெண்களும் வந்து வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து திரி வைத்துவிட்டுப் போவார்கள். அது தப்பு என்று எல்லோருக்கும் தெரியும், எல்லாக் கம்பெனியிலும் நடப்பதுதான் என்பதும் தெரியும். பானுப்பிரியா அன்று வேனைத் தவறவிட்டு, குறுக்குப் பாதையில் நடந்து தாமதமாக வந்தாள். பதினோரு மணிக்குத் தூறல் போட்டது. மற்றவர்கள் கூரைக்கு ஓடிவிட்டார்கள். அவள் மட்டும் மடியில் இருந்த திரிக்கட்டு நனையாமல் அதன்மேல் கவிழ்ந்து உட்கார்ந்திருந்தாள். தனுஷ்கோடிக்கு மனசு பொறுக்கவில்லை. பூச்சட்டிப் புஸ்வாணத்துக்கு மருந்து கெட்டிக்கிற ஏழாம் நம்பர் அறையில் நாலு பேர் இருந்தார்கள். மழை விடும்வரை ஒரு மூலையில் உட்காரட்டும் என்று ஐந்தாவதாக அவளை உள்ளே அனுப்பினார். இருபத்தாறு வருஷத்தில் அவர் ஒரே ஒரு தடவைதான் அப்படிச் செய்தார், அதுவும் இரக்கப்பட்டு.

ஏழாம் நம்பர் அறை இருந்த இடத்தில் பிறகு சுவரின் அடிக்கல் வரிசை மட்டும்தான் இருந்தது. பெரிய ஆஸ்பத்திரிப் பிணவறையில் நாலு பேரை அடையாளம் காட்டியவர் அவர்தான். வளையலையும் மெட்டியையும் வைத்துத்தான் காட்ட முடிந்தது. ஐந்தாவதாக ஒருத்தி இருந்தாள் என்பதற்கு ஒரு நகக்கண் அளவுகூட மிஞ்சவில்லை. மேனேஜர் சீனிவாசகம் அவரைக் காருக்குள் உட்காரவைத்து, நாலு என்றால் விபத்து, ஐந்து என்றால் லைசென்ஸ் போகும், எண்ணூறு குடும்பத்துக்கு வேலை போகும், நீயும் உள்ளே போவாய் என்று மெதுவான குரலில் எடுத்துச் சொன்னார். தனுஷ்கோடி போலீசிடம் நாலு என்று எழுதிக் கொடுத்தார். பானுப்பிரியா அன்றைக்கு வேலைக்கே வரவில்லை என்று குருவம்மாளிடம் சொன்னார். மரத்தடியில் அவளைப் பார்த்த பெண்களும் வேலை போய்விடும் என்று வாயைத் திறக்கவில்லை. வேலைக்கு வராத பெண் எங்கே போயிருப்பாள் என்பதை ஊர் பார்த்துக்கொண்டது. லாரி டிரைவரோடு ஓடிவிட்டாள் என்று ஒரே வாரத்தில் முடிவாகிவிட்டது.

இந்த இரண்டு வருஷமாகக் குருவம்மாள் மாதம் தவறாமல் அவரைத் தேடி வருகிறாள். சண்டை போட மாட்டாள், அழ மாட்டாள். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை இருக்கன்குடி மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு பஸ் பிடித்து வருவாள். அன்று கேட்டில் நின்று தலை எண்ணியது நீங்கள்தானே, நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்று கேட்பாள். பானு அன்று வரவில்லை என்று இவர் சொல்வார். அந்தப் பதிலைக் கேட்டதும் அவள் முகத்தில் ஒரு நிம்மதி வரும். அதைத்தான் அவரால் தாங்க முடியாது. மகள் ஓடிப்போனவள் என்றாலும் உயிரோடு இருக்கிறாள் என்று அர்த்தம் அல்லவா.

வியாழக்கிழமை மத்தியானம் அவள் ஒரு ரூபாய் போட்டுப் பேசுகிற போனிலிருந்து கூப்பிட்டாள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி வாசலில் பானுவைப் போல ஒரு பெண்ணைப் பார்த்ததாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். வீட்டைப் பூட்டிச் சாவியை அண்ணன் வீட்டில் கொடுத்துவிட்டாள்.

"நாளைக்கி இருக்கன்குடி போயிட்டு அங்கன வாரேன்யா. கடைசியா ஒரு தடவ ஒங்க வாயால கேட்டுக்கிடுதேன். அப்பிடியே திருப்பூர் வண்டி ஏறிருவேன்."

அவளுக்குச் சர்க்கரை வியாதி, ஒரு காலில் ஆறாத புண். தெரியாத ஊரில் கம்பெனி கம்பெனியாக வாசலில் நின்று, இல்லாத மகளைத் தேடி, எங்கேயாவது ஒரு ரோட்டோரத்தில் விழுந்து கிடப்பாள். நாளைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தனுஷ்கோடி தீர்மானித்தார். சொல்லிவிடலாம், ஆனால் மகளை உள்ளே அனுப்பியது யார் என்று அடுத்த கேள்வி வருமே, அதற்கு எந்த முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்வது.

அன்று சாயங்காலம் எந்தப் படத்தையும் பார்ப்பதில்லை என்று, இரண்டு படங்களையும் கணினியிலிருந்து அழித்தார். வெள்ளிக்கிழமை விடிந்து பார்த்தால் இரண்டும் முழுசாக இறங்கியிருந்தன. அந்தக் கடையின் விதி அப்படி. ஒரு தடவை வாங்கியது வாங்கியவன் கணக்கிலேயே இருக்கும், இங்கே அழித்தாலும் அது போகாது, மறுபடி வந்துகொண்டேதான் இருக்கும். அவற்றோடு அறுபத்திரண்டாவது ஒன்றும் இறங்கியிருந்தது. போன வாரமே வாங்கிச் சொல்லிவைத்திருந்த படம்தான், வரிசையில் அதற்கு முறை வந்திருக்கிறது. கிராமத்துப் பண்ணை வீட்டில் நடக்கும் கொலை என்று கடையில் போட்டிருந்தார்கள்.

பகல் முழுக்க வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தார். மாடியில் வெயில் கொதித்தது. பக்கத்துத் தெருவில் மிளகாய் வற்றல் கிட்டங்கியிலிருந்து வந்த நெடி மூக்கில் ஏறியது. நாலு மணிக்குமேல் அந்த நெடி மெல்ல மாறிவிட்டது போலிருந்தது. கந்தக வாடை, நனைந்த வேப்பிலை வாடை, புது மழை விழுந்த கரிசல் மண் வாடை மூன்றும் கலந்து வந்தன. வாசலுக்குப் போய்ப் பார்த்தார். வானத்தில் மேகத்தின் தடயமே இல்லை. வாடை உள்ளேதான் இருந்தது, கணினி இருந்த அறையில்.

ஐந்து மணிக்கு அவர் அந்தப் படத்தைப் போட்டார். ஏன் போட்டார் என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. அவள் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டால் குருவம்மாளிடம் சொல்வதற்குத் தைரியம் வரும் என்று நினைத்திருக்கலாம். வேறு எவளோ ஒருத்தியின் முகமாக இருந்துவிட்டால் சொல்லாமலே தப்பித்துவிடலாம் என்றும் அந்த மனசு கணக்குப் போட்டிருக்கும், யார் கண்டது. மனுஷன் அவ்வளவு களைத்துப்போயிருந்தார்.

படம் முக்கால்வாசி ஒழுங்காகவே ஓடியது. பண்ணை, வைக்கோல் போர், குதிரை, கிணற்றில் மிதக்கும் பிணம். தொப்பி வைத்த ஆள் எல்லோரையும் கூப்பிட்டு விசாரித்தான். மணி ஆறேகால் ஆகும்போது அனைவரையும் கூடத்துக்கு வரச் சொன்னான். கதவு திறந்தது.

கூடத்தில் யாரும் இல்லை. நாற்காலிகள் இல்லை. தொப்பிக்காரனும் இல்லை. சிமெண்டுத் தரை, சின்ன அறை, எதிரெதிராக இரண்டு வாசல். தரையில் சாக்கு விரித்து நாலு பெண்கள் முதுகைக் காட்டி உட்கார்ந்து, பூச்சட்டிக்குள் மருந்தைப் போட்டு, கட்டையால் மெல்லக் கெட்டித்துக்கொண்டிருந்தார்கள். டக். டக். டக். ஸ்பீக்கரில் அந்தச் சத்தமும் ஓட்டில் விழும் தூறலும் மட்டும் கேட்டன. படம் எடுத்த கேமரா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தது. அன்று அவர் நின்ற அதே படியில்.

"அய்யா."

தனுஷ்கோடி தூக்கிவாரிப் போடத் திரும்பினார். குருவம்மாள் அறை வாசலில் நின்றாள். தெருக்கதவைத் தாழ் போடாமல் விட்டிருக்கிறார். நெற்றி நிறைய விபூதி, கையில் மஞ்சள் பை, இன்னொரு கையில் ஊருக்குப் போகிற துணிப் பொட்டலம். அவள் அவரைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் எழுந்து திரையை மறைக்கப் போனார். அதற்குள் ஸ்பீக்கரிலிருந்து ஒரு ஆண் குரல் கேட்டது. மிக அருகிலிருந்து, கேமராவுக்குப் பின்னாலிருந்து வந்தது அது. களைத்த, அன்பான குரல்.

"உள்ள போயி உக்காரு தாயி. நனையாத."

அது அவருடைய குரல்.

கேமராவைத் தாண்டி ஒரு பெண் அறைக்குள் போனாள். ஈரத் தாவணி, இரட்டைச் சடை. மடியில் திரிக்கட்டைப் பொத்திப் பிடித்துக்கொண்டு, நாலு பேருக்கும் அந்தப் பக்கம், மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

குருவம்மாள் பையைக் கீழே வைத்தாள். பொட்டலத்தையும் வைத்தாள். முகத்தைப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பெற்றவளுக்கு முதுகு போதும்.

தனுஷ்கோடி திரையிலிருந்து அவள் பக்கம் திரும்பினார். "வந்தா, குருவம்மா. அன்னிக்கி வந்தா. நாந்தான் உள்ள போகச் சொன்னேன்." இரண்டு வருஷமாக நெஞ்சில் கிடந்தது அது. சொன்னதும் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தார். ஒன்றும் இறங்கவில்லை.

"அதான் இருக்காள்ல," என்றாள் குருவம்மாள். கோபமே இல்லாமல், மகளை ரயிலிலிருந்து இறக்கிக் கூட்டிப்போக வந்தவள் சொல்வது மாதிரி சொன்னாள். "ஏட்டி பானு. எம்புட்டு நேரமா ஒன்னத் தேடுதேன்."

அந்த நேரத்தில் கரண்டு போனது. தெரு முழுக்க ஒரே சமயத்தில் இருண்டது. மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. மேசைக்கடியில் யுபிஎஸ் பீப் என்று கத்தியது. கணினித் திரை மட்டும் வெளிச்சமாக இருந்தது. தனுஷ்கோடி அனிச்சையாகக் குனிந்து யுபிஎஸ்ஸைப் பார்த்தார். ஒரே ஒரு கணம்தான். நிமிர்ந்தார்.

குருவம்மாள் அங்கே இல்லை.

மஞ்சள் பை இருந்தது. பொட்டலம் இருந்தது. அவள் கழற்றிவிட்ட ரப்பர் செருப்பு மேசைக்கு முன்னால், திரையைப் பார்த்தபடி ஜோடியாக இருந்தது.

வாசலுக்கு ஓடினார். தெருவில் யாரும் இல்லை. கூப்பிட்டார். திரும்பி வந்தார். திரையைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தார். பார்த்தார்.

ஆறு பேர்.

குருவம்மாள் மூலையில் மகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். கறுப்பு வெள்ளையில் அவள் நெற்றி விபூதி பளீரென்று தெரிந்தது. மகளின் ஈரச் சடையை அவிழ்த்து, விரலால் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். சிரித்தாள். அவள் சிரித்து அவர் பார்த்ததே இல்லை.

டக். டக். டக்.

படத்தின் கீழே மீதி நேரம் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு நிமிஷம் பத்து விநாடி. அவருக்குத் தெரியும். அறை வெடிக்க அன்றைக்கும் அவ்வளவு நேரம்தான் இருந்தது.

"குருவம்மா, வெளிய வா." கத்தினார். அவள் நிமிரவில்லை. திரையைத் தட்டினார். வெறும் கண்ணாடி. சூடாக இருந்தது. நிறுத்தும் பொத்தானுக்கு விரல் போனது. போய் நின்றது. நிறுத்தினால்? அவள் எங்கே இருப்பாள்? ஓடவிட்டால்? யுபிஎஸ் விட்டுவிட்டுக் கத்தியது. அதுவும் இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும்.

ஒரு நிமிஷம் நாற்பது.

டக் சத்தம் நின்றது.

நாலு பெண்களும் கையில் இருந்ததைக் கீழே வைத்தார்கள். ஒருவர் பின் ஒருவராகத் திரும்பினார்கள். வாசற்படியை நோக்கி. கேமராவை நோக்கி. அவரை நோக்கி. பிணவறையில் துணியை விலக்கிக் காட்டியபோது எப்படி இருந்தார்களோ அப்படியே இருந்தார்கள். கண் இருக்க வேண்டிய இடம். வாய் இருக்க வேண்டிய இடம். வளையல்கள் மட்டும் ஒழுங்காக இருந்தன. அவர் அடையாளம் காட்டிய வளையல்கள்.

குருவம்மாள் அவர்களைப் பார்க்கவில்லை. சடையைப் பின்னி முடித்தாள். ரிப்பனைக் கட்டினாள். பானுப்பிரியா இன்னும் சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் முகம் என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது. காட்டுவதற்கு எதுவுமே மிஞ்சவில்லை.

யுபிஎஸ்ஸின் கத்தல் இழுத்துக்கொண்டே போய் அறுந்தது. மேசைக்கடியில் இருந்த சிவப்பு விளக்கு அணைந்தது. மோடத்தின் விளக்குகள் அணைந்தன.

திரை அணையவில்லை.

கீழே மீதி நேரம் ஒரு நிமிஷத்தில் நின்றுவிட்டது. தூறல் விழுந்துகொண்டிருந்தது. குருவம்மாள் ஆசையாக மகளின் மோவாயைப் பிடித்தாள். முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

குருவம்மாளின் வாய் திறந்தது.

திறந்தபடியே இருந்தது. சத்தம் வரவில்லை. கை மோவாயை விடவில்லை. மற்ற நாலு பேரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.